கொழுந்துக் கணக்கு மென்பொருளுக்கு எந்த உரிமம்? எம்ஐடி, அப்பாச்சி, ஜிபிஎல்: ஓர் ஒப்பீடு

எடுத்த எடுப்பிலேயே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். உரிமம் என்பது ஒரு மென்பொருளைப் பிரதி எடுக்க, மாற்ற, மற்றவருக்குக் கொடுக்க அதை எழுதியவர் தரும் அனுமதியும் அதற்கான நிபந்தனைகளும். பென் ட்ரைவில் கைமாறிப் போகும் சிறிய மென்பொருளுக்கு, எல்லோரும் பயப்படுகிற ஜிபிஎல் உரிமந்தான் (பிரதியோடு மூலநிரலையும், அதாவது மனிதர் எழுதிய நிரலையும் கொடுக்கச் சொல்வது) கடைப்பிடிக்க ஆகச் சுலபம். ‘ஒன்றும் செய்யத் தேவையில்லை’ என்று எல்லோரும் நம்புகிற எம்ஐடி உரிமத்தைத்தான் பொதி கட்டுகிறவர்கள் (மென்பொருளையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒன்றாகக் கட்டிக் கொடுக்கிறவர்கள்) சர்வசாதாரணமாக மீறுகிறார்கள், அதுவும் மீறுகிறோம் என்று தெரியாமலே.

ஏன் அப்படி என்று பார்க்க ஒரு பொதியைப் பிரித்து மேசையில் வைப்போம். இலங்கையின் ஹட்டன் பக்கத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து எழுதிய கொழுந்துக் கணக்குதான் அது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தை நாளுக்கு இரண்டு மூன்று தடவை நிறுப்பார்கள். பைக்கும் ஈரத்துக்கும் என்று சில கிலோ கழியும். மாத முடிவில் சம்பளச் சிட்டையில் வருகிற கிலோவும் வீட்டுக் கொப்பியில் எழுதிவைத்த கிலோவும் ஒத்துப்போகாமல் தலையைச் சொறிகிற வீடுகள் லயத்துக்கு லயம் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) உண்டு. வீட்டில் உயர்தரம் படிக்கிற பிள்ளை ஒன்று இருந்தால், அன்றன்றைய நிறுவையைப் போட்டு, முழுப்பேரா (முழுநாள் சம்பளமா) அரைப்பேரா (அரைநாள் சம்பளமா), கைக்காசு எவ்வளவு என்று மாதக் கணக்கைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்செடுக்கலாம். மென்பொருள் செய்வது அவ்வளவுதான்.

எழுதியது பைதன் என்ற நிரல் மொழியில். திரைக்கு ஒரு நூலகம் (மற்றவர் எழுதிவைத்த ஆயத்த நிரல்), தரவுக்கு எஸ்கியூலைட், எழுத்துக்கு ஒரு எழுத்துரு, எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்ட பைஇன்ஸ்டோலர். எங்கள் சொந்த வரிகள் சில ஆயிரம். இரவல் வாங்கியவையோ பல இலட்சம். இந்த நிலையில்தான் வகுப்புக்கு வருகிற பையன் ஒருவன் கேட்டான்: “நம்ம கோடுக்கு எம்ஐடி போட்டா முடிஞ்சிருச்சுதானே, சேர்?”

முடியவில்லை. நாம் போடும் உரிமம் நம் வரிகளுக்கு மட்டும். பொதியை ஒருவர் கையில் கொடுக்கும்போது, உள்ளே இருக்கிற எல்லோருடைய நிபந்தனைகளையும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். அதனால் நமக்குப் பிடித்த உரிமம் எது என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவைத்துவிட்டு, யார் யாருடைய நிபந்தனைகள் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டன என்று முதலில் பார்க்க வேண்டும்.

சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்தவை

சுலபமானவற்றை முதலில் முடித்துவிடலாம். பைதனுக்கு அதன் அறக்கட்டளையின் உரிமம் இருக்கிறது. அந்த வாசகத்தைப் பொதியோடு வைத்தால் போதும். பைஇன்ஸ்டோலர் ஜிபிஎல் என்றாலும், அதைக் கொண்டு கட்டிய பொதிக்கு நீங்கள் விரும்பிய உரிமத்தைப் போடலாம் என்று தனி விலக்கு எழுதியிருக்கிறார்கள். எஸ்கியூலைட்டை எழுதியவர்கள் பதிப்புரிமையையே துறந்துவிட்டார்கள். அதன் கோப்புகளின் தலையில், உரிம அறிவிப்பு இருக்க வேண்டிய இடத்தில், நல்லது செய்யுங்கள், தீயது செய்யாதீர்கள் என்ற பொருளில் ஒரு வாழ்த்து இருக்கும்.

இதே சாயலில் ஜேசன் உரிமத்திலும் ஒரு வரி உண்டு: மென்பொருளை நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்கு அல்ல. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்னது வாழ்த்து, பின்னது நிபந்தனை. எது தீமை என்று யார் தீர்ப்புச் சொல்வது? டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டுக் குழுவும் ஜிபிஎல்லை எழுதிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் ஜேசன் உரிமத்தைக் கட்டற்றதாக (யாரும் எதற்கும் பயன்படுத்த, மாற்ற, பகிரக்கூடியதாக) ஏற்காததற்கு அந்த ஒரு வரிதான் காரணம்.

கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டியது ஓபன்எஸ்எஸ்எல், இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் நூலகம். நாங்கள் அதைக் கேட்கவே இல்லை, பைதனோடு ஒட்டிக்கொண்டு வந்தது. 2021 இல் வெளியான 3.0 பதிப்பிலிருந்து அது அப்பாச்சி 2.0. அதற்கு முந்தைய பதிப்புகளின் உரிமத்தில், விளம்பரம் செய்தால் எங்கள் பெயரையும் போட வேண்டும் என்றொரு விதி இருந்தது. அந்த விதி ஜிபிஎல்லோடு ஒத்துப்போகாது. பழைய மடிக்கணினிக்காகப் பழைய பைதனை வைத்துக் கட்டினால் பழைய ஓபன்எஸ்எஸ்எல்லும் வந்துவிடும். எங்கள் மென்பொருள் இணையத்தின் பக்கமே போவதில்லை என்பதால் அதைக் கழற்றி எறிந்துவிட்டோம். சட்ட வாசகங்களை ஒப்பிட்டு மண்டையை உடைத்துக்கொள்வதற்கு முன் ‘இது நமக்கு வேணுமா?’ என்று ஒரு தடவை கேட்டுப் பார்ப்பது நல்லது.

திரைக்கு: டிகே, பைக்யூட்டி, பைசைட்

உண்மையான தேர்வு இங்கேதான் தொடங்குகிறது.

உரிமத்தை மட்டும் பார்த்தால் டிகேதான் முதலிடம். பிஎஸ்டி வகையைச் சேர்ந்த தளர்வான உரிமம், விண்டோஸில் பைதனோடு சேர்ந்தே வருகிறது, தனியாக எதையும் தேடத் தேவையில்லை. ஆனால் லினக்ஸில் டிகே 8.6 தமிழ் எழுத்துகளைக் கோர்த்துக் காட்டாது. ஒற்றைக்கொம்பு நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. ‘கொழுந்து’ என்ற சொல்லையே ஒழுங்காகக் காட்டாத திரையை வைத்துக்கொண்டு கொழுந்துக் கணக்கு எழுதுவது எப்படி? டிகே அத்தோடு போனது.

மிச்சம் இரண்டும் க்யூட்டி என்ற திரைக் கருவித்தொகுப்பைத்தான் கூப்பிடுகின்றன. தமிழும் சிங்களமும் இரண்டிலும் சரியாக வரும். நிரல் எழுதும் விதத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் உரிமத்தில். பைக்யூட்டி ஜிபிஎல் 3 உரிமத்தில் கிடைக்கும், அல்லது காசு கொடுத்து வணிக உரிமம் வாங்கலாம். பைசைட் க்யூட்டி நிறுவனமே தருவது, அதை எல்ஜிபிஎல் 3 என்ற, ஜிபிஎல்லைவிடத் தளர்வான உரிமத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

பைக்யூட்டியை எடுத்தால் பேச்சுக்கே இடமில்லை: முழுப் பொதியும் ஜிபிஎல் 3 நிபந்தனையில்தான் வெளியே போக வேண்டும். உங்கள் வரிகளுக்கு எம்ஐடி போட்டுக்கொள்ளலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் பொதியை வாங்குகிறவருக்கு மொத்தத்தின் மூலநிரலும் ஜிபிஎல்படி கிடைத்தாக வேண்டும்.

பைசைட்டை எடுத்தால் உங்கள் நிரலின் உரிமம் உங்கள் விருப்பம். இதை வைத்துத்தான் ‘பைசைட் என்றால் தொல்லை இல்லை’ என்ற பேச்சு கிளம்புகிறது. எல்ஜிபிஎல்லைப் படித்துப் பாருங்கள், கேட்பது குறைவல்ல. இந்த நூலகத்தைப் பயன்படுத்தியிருக்கிறோம் என்று அறிவிக்க வேண்டும். எல்ஜிபிஎல், ஜிபிஎல் இரண்டின் வாசகத்தையும் வைக்க வேண்டும். க்யூட்டியின் மூலநிரல் கிடைக்க வழி செய்ய வேண்டும். பயனர் க்யூட்டியைத் தாமே மாற்றி, மாற்றியதை வைத்து உங்கள் மென்பொருளை ஓட்டிப் பார்க்கவும் முடிய வேண்டும். பைஇன்ஸ்டோலரில் எல்லாவற்றையும் ஒரே இயக்கக் கோப்பாகச் சுருட்டிவிட்டால் இந்தக் கடைசி நிபந்தனையை நிறைவேற்றுவது பெரும்பாடு. கோப்புறையாகக் கட்டினால் க்யூட்டியின் கோப்புகள் தனித்தனியாகத் தெரியும், எடுத்து மாற்றிப் போடலாம். நிரலை மூடி வைத்து விற்கிறவருக்கு எல்ஜிபிஎல்லால் பெரிய இலாபம் உண்டு. ஏற்கெனவே நிரலைத் திறந்தே கொடுக்கிறவருக்கு இரண்டுக்கும் இடையே நடைமுறையில் மிச்சமாகும் வேலை சொற்பம்.

இருந்தும் நாங்கள் பைசைட்டைத்தான் எடுத்தோம். பின்னால் மனம் மாறினால் கதவு திறந்திருக்கட்டும் என்பதற்காக.

அந்தக் கதவை மூடிவிடக்கூடிய இரண்டு பொறிகளைச் சொல்ல வேண்டும். மாதக் கிலோவைக் கம்பி வரைபடமாகக் காட்டலாமே என்று க்யூட்டி சார்ட்ஸைச் சேர்க்கக் கை துடிக்கும். க்யூட்டியின் பெரும்பகுதி எல்ஜிபிஎல் என்றாலும் சார்ட்ஸ் அப்படியல்ல, அது ஜிபிஎல் 3 அல்லது வணிக உரிமம். ஒரே பெயரின் கீழ் வருவதெல்லாம் ஒரே உரிமம் என்று நம்பினால் இப்படித்தான் மாட்டுவோம். முப்பது கம்பிகளைக் கோடு போட்டு வரைய ஒரு நூலகம் எதற்கு என்று நாங்களே வரைந்துவிட்டோம். இரண்டாவது பொறி அச்செடுப்பதில். பைமியூபிடிஎஃப் நல்ல நூலகம், குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அது ஏஜிபிஎல், ஜிபிஎல்லின் இன்னும் கடுமையான வடிவம். சேர்த்தால் ஏஜிபிஎல் நிபந்தனை முழுப் பொதியையும் தொடரும். க்யூட்டிக்கே பிடிஎஃப் எழுதத் தெரியும் என்பதால் அதையும் தவிர்த்தோம்.

எழுத்துரு

தமிழ் மென்பொருள் கட்டுகிறவர்கள் ஆகக் குறைவாக யோசிப்பது இதைப் பற்றித்தான். விண்டோஸில் இருக்கிற லதாவை எடுத்துப் பொதிக்குள் போட்டுவிடுவார்கள். லதா மைக்ரோசொஃப்டின் சொத்து. உங்கள் கணினியில் பயன்படுத்தலாமே தவிர, பிரதி எடுத்து மற்றவருக்குக் கொடுக்க விண்டோஸ் உரிமம் இடம் தராது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் அச்சகங்களிலும் தட்டச்சுக் கடைகளிலும் பென் ட்ரைவ் பென் ட்ரைவாகச் சுற்றுகின்றன. அந்தப் பிரதிகளோடு உரிமப் பத்திரம் எதுவும் வருவதில்லை.

நோட்டோ சான்ஸ் தமிழும் நோட்டோ சான்ஸ் சிங்களமும் ஓஎஃப்எல் எனப்படும் திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைக்கின்றன. எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக்கூடாது, மென்பொருளோடு சேர்த்து விற்கலாம், உரிம வாசகம் கூடவே போக வேண்டும், மாற்றம் செய்தால் மாற்றியதும் அதே உரிமத்தில்தான் வெளியாக வேண்டும். அச்செடுத்த கணக்குத் தாளை இந்த உரிமம் தொடாது. ஒரு சின்ன விஷயம்: நோட்டோ முதலில் அப்பாச்சி 2.0 உரிமத்தில்தான் வந்தது, 2015 இல்தான் ஓஎஃப்எல்லுக்கு மாறியது. பழைய கணினியிலிருந்து எடுத்த நோட்டோவுக்கும் இன்று பதிவிறக்கிய நோட்டோவுக்கும் உரிமம் வேறாக இருக்கலாம். பொதிக்குள் இருக்கும் கோப்பு எந்தப் பதிப்போ அந்தப் பதிப்பின் உரிமத்தைத்தான் பார்க்க வேண்டும், இணையதளத்தின் முகப்பில் இன்று எழுதியிருப்பதை அல்ல.

தெளிவில்லாத ஒரு துண்டு

மொத்த வேலையில் ஆக நேரம் தின்றது ஒரே ஒரு சின்னக் கோப்பு. ரூபாய்த் தொகையைச் சிங்களத்தில் எழுத்தால் எழுதிக் காட்டும் நிரல் அது. நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் கிடைத்தது. அறிமுகக் கோப்பான ரீட்மியில் ‘யாரும் பயன்படுத்தலாம்’ என்று ஒரு வரி. உரிமக் கோப்பு கிடையாது. நிரல் கோப்பின் தலையிலோ ‘எல்லா உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை’ என்று இருக்கிறது.

சட்டம் இதில் தெளிவு. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலையும் புத்தகம், கட்டுரை போன்ற எழுத்துகளின் வரிசையிலேயே வைத்துப் பாதுகாக்கிறது. எங்கும் பதிய வேண்டாம், எழுதிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடும், எழுதியவரின் ஆயுளுக்கும் அதற்கப்பால் 70 ஆண்டுகளுக்கும் நிற்கும். ஆகவே உரிமம் எழுதாமல் இணையத்தில் கிடக்கிற நிரல் யாருடையதும் அல்லாத நிரல் அல்ல. கிட்ஹப்பின் விதிப்படி அதைப் பார்க்கலாம், அந்தத் தளத்துக்குள்ளேயே கிளை (தனிப் பிரதி) எடுத்து வைத்துக்கொள்ளலாம், அதோடு சரி. ‘பயன்படுத்தலாம்’ என்ற அனுமதிக்குள் திருத்தலாம், பிரதி எடுத்துப் பரப்பலாம் என்பதெல்லாம் அடங்கியிருக்கிறது என்று நாமாகப் பொருள் கொள்ள முடியாது.

எங்கள் முன் நான்கு வழிகள் இருந்தன.

எழுதியவரைக் கேட்பது முதல் வழி, நேர்மையான வழியும் அதுதான். ஆனால் எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பதிலுக்குப் பயன். தனி மின்னஞ்சலில் ‘நீங்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று பதில் வந்தால் அது நமக்கு மட்டும் கிடைத்த அனுமதி. நம்மிடமிருந்து வாங்குகிறவருக்கு அது செல்லாது. டெபியன் 1997 இலேயே வகுத்த கட்டற்ற மென்பொருள் வழிகாட்டி நெறிகள் இதைத்தான் சொல்கின்றன: உரிமம் டெபியனுக்கு மட்டும் என்று இருக்கக்கூடாது, அடுத்தடுத்த கைகளுக்கும் அதே உரிமை போய்ச் சேர வேண்டும். எனவே அவருடைய களஞ்சியத்திலேயே (நிரல் இருக்கும் கிட்ஹப் பக்கத்திலேயே), எல்லோரும் பார்க்கும்படி, பெயர் தெரிந்த ஓர் உரிமத்தின் முழு வாசகத்தை ஒரு கோப்பாகச் சேர்க்கும்படி கேட்க வேண்டும். ‘இதை எந்த நிபந்தனையில் கொடுக்க விரும்புகிறீர்கள்? எம்ஐடியா, வேறா?’ என்று அவர் ஒரு சொல்லில் பதில் சொல்லும்படி எழுதினால் பதில் கிடைக்க வாய்ப்பு அதிகம். சட்டப் பாடம் நடத்தினால் அவர் ஓடிவிடுவார்.

இரண்டாவது, இதே வேலையைச் செய்யும் வேறொன்றைத் தேடுவது. சிங்களத்துக்கும் தமிழுக்கும் அப்படி வரிசையாக ஒன்றும் கிடைத்துவிடாது. மூன்றாவது, நாமே புதிதாக எழுதுவது. சட்டம் பாதுகாப்பது எழுதிய விதத்தை, எண்ணத்தையோ வழிமுறையையோ அல்ல. அதனால் இலக்கத்தை எழுத்தாக்கும் விதியை இலக்கணப் புத்தகத்திலிருந்து எடுத்து எழுதலாம். அதற்கு, பழைய நிரலைப் பார்க்காத ஒருவர் உட்கார வேண்டும். பார்த்துவிட்டு மாறிகளின் பெயரை மட்டும் மாற்றினால் அது புதிது ஆகாது. நான்காவது, அந்த வசதியையே விட்டுவிடுவது.

கேட்டோம். பதில் வரும்வரை சிங்களத் தாளில் தொகை இலக்கத்தில் மட்டும் வருகிறது. யாரும் குறை சொல்லவில்லை.

கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. நிறுவிய பைதன் நூலகங்களின் உரிமங்களைப் பட்டியல் போட்டுக் கொடுக்கும் கருவிகள் உண்டு. அவை படிப்பது நூலகத்தின் விவரக் குறிப்பை. அதில் எழுதியவர் என்ன போட்டாரோ அதுதான் வரும், சில நேரம் உள்ளே இருக்கும் உரிமக் கோப்போடு முரண்படும். ஸ்கேன்கோட், லைசன்ஸ்செக் போன்றவை கோப்புகளையே திறந்து பார்க்கும். இரண்டும் முரண்பட்டால் தெளிவு கிடைக்கும்வரை கடுமையானதையே உண்மை என்று எடுத்துக்கொண்டு நடப்பது பாதுகாப்பு.

‘ஜிபிஎல் 2’ என்று மட்டும் எழுதியிருப்பதும் இந்தத் தெளிவின்மையில் சேர்த்திதான். 1991 இல் வந்த இரண்டாம் பதிப்பு மட்டுமா, இரண்டும் அதற்குப் பிந்தியதுமா? ‘பிந்திய பதிப்பும்’ என்ற அனுமதி உரிம வாசகத்துக்குள் தானாக இருப்பதில்லை, நிரலை எழுதியவர் தம் அறிவிப்பில் சேர்த்தால்தான் உண்டு. இது வெறும் வாய்ப்பந்தல் அல்ல. அப்பாச்சி 2.0 நிரலை 2007 இல் வந்த மூன்றாம் பதிப்போடு சேர்க்கலாம், இரண்டாம் பதிப்பு மட்டும் என்று இருப்பதோடு சேர்க்க முடியாது என்பதே கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடு. உரிமங்களுக்குப் பொதுக் குறியீடு வைக்கும் எஸ்பிடிஎக்ஸ் பட்டியலில் ‘ஒன்லி’, ‘ஓர் லேட்டர்’ என்று இரண்டு தனித்தனிக் குறியீடுகள் வைத்திருப்பது இதற்காகத்தான்.

சரி, நம் வரிகளுக்கு எது?

எம்ஐடி ஒரு பக்கத்தைக்கூடத் தொடாது. பத்து நிமிடத்தில் வகுப்புப் பிள்ளைகளுக்கே விளக்கிவிடலாம். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், மூடி விற்கலாம். கேட்பது ஒன்றே ஒன்று: பதிப்புரிமை வரியும் அனுமதி வாசகமும் ஒவ்வொரு பிரதியிலும் இருக்க வேண்டும்.

அப்பாச்சி 2.0 இதையே கொஞ்சம் விரிவாகச் செய்கிறது. காப்புரிமை (பேட்டன்ட்) வைத்திருப்பவர் தம் பங்களிப்பைப் பயன்படுத்துகிறவர் மேல் பிறகு வழக்குப் போட முடியாதபடி ஓர் அனுமதி அதில் இருக்கிறது, மாற்றிய கோப்பில் மாற்றியதாகக் குறிப்பிட வேண்டும், நோட்டிஸ் கோப்பு இருந்தால் அதையும் கடத்த வேண்டும். நிறுவனங்கள் விரும்புகிற உரிமம் இது. இலங்கையில் பிறந்து வளர்ந்த டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் தன் மென்பொருள்களை இந்த உரிமத்தில் வெளியிட்டே வியாபாரம் கட்டியது. தேயிலைக் கிலோவைக் கூட்டிக் கழிப்பதில் காப்புரிமைச் சண்டை வருமென்று எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பாதுகாப்பு எங்களுக்கு அலங்காரம்தான்.

ஜிபிஎல் 3 கேட்பது: பிரதியைக் கொடுத்தால் மூலநிரலையும் கொடு, மாற்றிக் கொடுத்தால் மாற்றியதன் மூலநிரலையும் இதே உரிமத்தில் கொடு.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது ஒரு கேள்வி. நாளைக்கு யாரோ ஒருவர் இந்த மென்பொருளை எடுத்து, கழிவுக் கணக்கில் கொஞ்சம் கை வைத்து, மூடிய பொதியாகத் தோட்டங்களுக்கு விற்றால்? எம்ஐடியும் அப்பாச்சியும் அதற்கு இடம் கொடுக்கும். கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று வீட்டில் இருக்கிற பிள்ளை திறந்து பார்க்க முடியாமல் போனால் இந்த மென்பொருளுக்கும் சம்பளச் சிட்டைக்கும் வித்தியாசம் இல்லை. அதனால் ஜிபிஎல் 3, பிந்திய பதிப்புகளும் என்று முடிவெடுத்தோம்.

எதிர்வாதமும் வந்தது. ‘ஜிபிஎல் போட்டால் கம்பெனிக்காரர்கள் தொடமாட்டார்கள்’ என்றார் ஒருவர். ஒரு தோட்ட அலுவலகம் தன் செக்ரோல் (தொழிலாளர் வரவு, சம்பளப் பதிவேட்டு) கணக்கோடு இதை இணைத்து உள்ளுக்குள்ளேயே பயன்படுத்தினால், வெளியே யாருக்கும் பிரதி கொடுக்காதவரை, ஒரு வரி மூலநிரலையும் வெளியிட வேண்டியதில்லை. விற்கவும் தடை இல்லை. மூடி விற்கத்தான் தடை. இதைச் சொன்னபோது அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

எல்லாவற்றுக்கும் ஜிபிஎல்தான் என்று நான் சொல்ல வரவில்லை. ரூபாயைத் தமிழில் எழுத்தாக்கும் எங்கள் சின்ன நூலகத்தைத் தனியாகப் பிரித்து எம்ஐடியில் விட்டிருக்கிறோம். அது கடைக்காரரின் பில்லிலும் கூட்டுறவுச் சங்கத்தின் ரசீதிலும் நுழைந்தால் எங்களுக்குச் சந்தோஷம். அங்கே மறைக்க ஒன்றுமில்லை, பரவுவதுதான் தேவை. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் உருவாகி, பிறகு பல நாடுகளின் பேரிடர்களுக்கும் போன சஹானா என்ற பேரிடர் மேலாண்மை மென்பொருளின் ஈடன் கிளை எம்ஐடியில் இருப்பதும் அப்படியொரு பொருத்தமான தேர்வு என்றே நினைக்கிறேன். படங்களுக்கும் ஒலிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் நல்லது, நிரலுக்கு அதைப் போடாதீர்கள் என்று அவர்களே சொல்கிறார்கள். ‘வணிகப் பயன்பாடு கூடாது’ என்கிற வகை திறந்த மூல உரிமமே அல்ல, ஐகான் தேடும்போது அதைப் பார்த்து ஒதுக்குங்கள்.

கையில் கொடுக்கும் விதம்

தோட்டத்தின் மேற்பிரிவுகளில் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். பதிவிறக்கச் சொல்லிக் கொடுப்பதைவிட பென் ட்ரைவில் கொடுப்பதுதான் நடக்கிற காரியம். ஜிபிஎல் இங்கே இரண்டு வழி தருகிறது. மூலநிரலைக் கூடவே வைக்கலாம். இல்லையென்றால், கேட்டால் தருகிறோம் என்று குறைந்தது மூன்று ஆண்டுக்குச் செல்லுபடியாகும் எழுத்து வாக்குறுதி கொடுக்கலாம். வாக்குறுதி ஒரு தாள் என்பதால் இலேசாகத் தெரியும். ஆனால் மூன்று ஆண்டுக்கு ஒரே முகவரியும் ஒரே தொலைபேசி இலக்கமும் வைத்திருக்கப் போகிறவர் எங்களில் யார்? எங்கள் மூலநிரல் ஒரு புகைப்படத்தின் அளவுகூட இல்லை. க்யூட்டியின் மூலநிரல்தான் பல நூறு மெகாபைட், அதுவும் 8 ஜிபி பென் ட்ரைவுக்குப் பெரிதல்ல. கூடவே வைத்தால் கடன் அங்கேயே தீர்ந்தது.

எம்ஐடியும் பிஎஸ்டியும் தடுக்கி விழுவது இதே இடத்தில்தான். பிள்ளை பென் ட்ரைவிலிருந்து இயக்கக் கோப்பை மட்டும் இழுத்துப் பக்கத்து லயத்துக்குக் கொடுக்கும். உரிமக் கோப்புகள் பென் ட்ரைவிலேயே தங்கிவிடும். எம்ஐடி கேட்ட ஒரே நிபந்தனை அத்தோடு போய்விட்டது. அதனால் எல்லா உரிம வாசகங்களையும் மென்பொருளுக்குள்ளேயே ‘இதைப் பற்றி’ என்ற திரையில் படிக்கும்படி வைத்தோம். மூலநிரல் பொதியையும் நிறுவும் கோப்புறைக்கு உள்ளேயே போட்டுவிட்டோம். கோப்புறையாகக் கட்டியதால் அதைப் பிரதி எடுத்தால்தான் மென்பொருள் ஓடும், எனவே மூலநிரலும் தானாகவே கூடப் போகிறது. உரிமங்களுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் சுருக்கமான விளக்கம் எழுதியிருக்கிறோம், ஆனால் ஆங்கில மூலத்துக்குப் பதிலாக அல்ல. ஜிபிஎல்லைப் பொறுத்தவரை மொழிபெயர்ப்பு எதற்கும் அறக்கட்டளையின் சட்ட அங்கீகாரம் கிடையாது, ஆங்கில வாசகந்தான் செல்லும்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு டெப் பொதி (டெபியன் வகை லினக்ஸுக்கான பொதி) கட்டினால் இந்தச் சுமையில் பாதி இறங்கிவிடும். க்யூட்டியையும் பைதனையும் நாம் சுமப்பதில்லை, டெபியனிலிருந்து வரட்டும் என்று சார்பு எழுதினால் போதும். பதிப்புரிமைக் கோப்பில் எந்தக் கோப்பு யாருடையது, என்ன உரிமம் என்று வரி வரியாகக் குறிக்க வேண்டும். ஜிபிஎல், அப்பாச்சி வாசகங்கள் எல்லா டெபியன் கணினியிலும் பொது உரிமக் கோப்புறையில் ஏற்கெனவே இருப்பதால் அவற்றைச் சுட்டிக்காட்டலாம். எம்ஐடிக்கு அந்தச் சலுகை இல்லை, முழு வாசகத்தையும் எழுத வேண்டும். நம் பக்கத்து வீடுகளில் விண்டோஸ்தான் அதிகம் என்பதால் இந்தப் பாதை இப்போதைக்குச் சிலருக்கு மட்டும்.

யார் யார் எழுதியது

கடைசியாக, எழுதியவர்களின் பட்டியல். ஒரு மென்பொருளில் நான்கு பேர் எழுதியிருந்தால் நான்கு பேரும் உரிமையாளர்கள். பின்னால் உரிமத்தை மாற்ற வேண்டுமானால் நான்கு பேரும் சம்மதிக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் உயர்தரம் முடித்ததும் கொழும்புக்குப் போகிறார்கள், அங்கிருந்து வளைகுடாவுக்குப் போகிறார்கள், சிம் மாறுகிறது, ஆளைப் பிடிக்க முடிவதில்லை. வேலைக்குச் சேர்ந்தவர் கடமை நேரத்தில் எழுதியது என்றால் அது அவருடையதுகூட அல்ல. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் நம் நாட்டுச் சட்டப்படி முதல் உரிமை வேலை கொடுத்தவருக்குத்தான். ஆகவே ஒவ்வொரு கோப்பின் தலையிலும் எழுதியவர் பெயர், ஆண்டு, எஸ்பிடிஎக்ஸ் குறியீடு மூன்றையும் போட்டு, ‘ஜிபிஎல் 3, பிந்திய பதிப்புகளும்’ என்பதற்கு ஒவ்வொருவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கி, களஞ்சியத்திலேயே சேர்த்திருக்கிறோம். தம்பி ஒருவர் பகலில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை செய்கிறார். அவர் எழுதிய இரண்டு கோப்புகளுக்கு மட்டும் அந்த அலுவலகத்தின் கடிதம் இன்னும் வர வேண்டும். அது வரும்வரை அந்த இரண்டும் பொதிக்கு வெளியே இருக்கின்றன.